டாக்டர் மாப்பிள்ளையின் கை

கனடா மாப்பிள்ளை என்றாலே ஊரில் ஒரு மவுசு. அதிலும் பார்த்திபன் மாட்டு டாக்டர், மதுராந்தகம் பக்கம் அரசு மருந்தகத்தில் வேலை பார்த்தவன். கனடாவில் அவன் ஐந்து வருடமாக இறைச்சித் தொழிற்சாலையில் கத்தி பிடிக்கிறான் என்பதை மட்டும் யாரும் வாய் திறந்து சொல்லவில்லை. அங்கே டாக்டராக வேண்டுமென்றால் மறுபடி பரீட்சை எழுத வேண்டும். அவன் படிப்பதற்காக மனைவி அனு ஓட்டலில் போர்வை துவைக்கிறாள். எழுத்துத் தேர்வில் தேறிவிட்டான். செய்முறைத் தேர்வு அடுத்த மாதம்.

கத்தி பிடித்துப் பிடித்து அவன் வலது கைப் பெருவிரலும் அடுத்த இரண்டு விரல்களும் மரத்துப் போய் ஆறு மாதமாகிறது. இது அனுவுக்கே தெரியாது.

லீவில் திருக்கழுக்குன்றத்தை அடுத்த மாமியார் வீட்டுக்கு வந்திருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாப்பிட்டுக் கை கழுவும்போது கொல்லையில் ஆடு அலறியது.

"மாப்ள, கொஞ்சம் வந்து பாருங்க," என்று மாமியார் விஜயகுமாரி கூப்பிட்டாள். "காலைலேர்ந்து முக்கிகினே கீது, குட்டி வரல. மருந்தகத்துல இன்னிக்கு யாரும் இல்ல. நல்லவேள, வூட்லயே டாக்டர் கீறீங்க."

மகள் கீர்த்தனாவும் பின்னாலேயே ஓடிவந்தாள். "அப்பா நிஜமாவே டாக்டரா?" என்று விமானத்தில் கேட்டவள் அவள். ரத்த வாடையோடு வீடு திரும்பும் அப்பாவைத்தான் அந்தப் பிள்ளைக்குத் தெரியும்.

சோப்புப் போட்டுக் கழுவி, தேங்காய் எண்ணெய் தடவி, பார்த்திபன் கையை உள்ளே விட்டான். ஒரு குளம்பு மட்டும் வெளியே தெரிந்தது. உள்ளே விரலில் படுவது தலையா, தொடையா? ஒன்றும் தெரியவில்லை. இடது கையால் முயன்றான். பழக்கமில்லாத கை தடுமாறியது, ஆடு உதைத்தது.

"இன்னா மாப்ள, தல கெடச்சிதா?"

"கெடச்சிது," என்றான், முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு.

அனு அவனையே பார்த்தாள். டீ டம்ளர் அடிக்கடி கை நழுவியது, சட்டைப் பொத்தானை மகளைப் போடச் சொன்னது எல்லாம் அவளுக்கு ஒன்றன்பின் ஒன்றாக நினைவுக்கு வந்தன.

ஆபரேஷன்தான், செங்கல்பட்டுக்குத் தூக்கிப் போங்கள் என்று சொல்லிவிட்டால் மானம் தப்பும். ஆடு வழியிலேயே செத்தாலும் யாரும் டாக்டரைக் குறை சொல்லமாட்டார்கள். சொல்ல வாயும் திறந்துவிட்டான். ஆடு கழுத்தைத் திருப்பி அவனைப் பார்த்துக் கத்தியது.

"அனு, வளையலக் கழட்டு," என்றான். "எனக்கு வெரல்ல உணர்ச்சி இல்ல. ஆறு மாசமா."

அவமானத்தில் அவன் காது சுட்டது. மாமியார் ஆட்டை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அனு வளையலைக் கழற்றி மகளிடம் கொடுத்துவிட்டு எண்ணெயை முழங்கை வரை பூசிக்கொண்டாள்.

"கால் வழியா உள்ள போ, கழுத்து கெடச்சா அதப் புடிச்சிகினே போ. தல எங்க கீது?"

"பின்னால மடங்கிக் கீது. ஐயோ, கண்ணு!"

"கண்ண அழுத்தாத. தாடையப் புடி. ஆடு முக்கறத நிறுத்துனதும் குட்டிய உள்ள தள்ளு."

"வெளிய எடுக்கணும்னா உள்ள தள்ளச் சொல்றீங்களே!"

"தள்ளு அனு. எடம் இருந்தாதான் தல திரும்பும்."

அவள் பல்லைக் கடித்துக்கொண்டு தள்ளினாள். மூக்கில் வியர்வை சொட்டியது. சட்டென்று அவள் முகம் மாறியது. "திரும்பிடுச்சிங்க!"

ஆடு முக்கும்போது மெல்ல இழுத்தாள். குட்டி வழுக்கிக்கொண்டு வந்து விழுந்தது. மூச்சு இல்லை. பார்த்திபன் இடது கையாலேயே அதன் வாயை வழித்து, மூக்கில் வைக்கோலை நுழைத்தான். ஒரு தும்மல். கீர்த்தனா வீல் என்று கத்திக் குதித்தாள்.

குழாயடியில் அனு கை கழுவிக்கொண்டிருந்தாள். அவன் பக்கத்தில் போய் நின்றான்.

"ஏன் சொல்லல?"

"நீ அஞ்சு வருசமா போர்வ துவைக்கற. எப்படிச் சொல்வேன்?"

அவள் அவன் வலது கையை வெடுக்கென்று இழுத்தாள். ஆட்காட்டி விரலில் நகம் பதியக் கிள்ளினாள்.

"வலிக்குதா?"

"இல்ல."

நடுவிரலைக் கிள்ளினாள். அவன் இல்லை என்று தலையாட்டினான். அவள் கண் கலங்கிவிட்டது. சுண்டு விரலைக் கிள்ளினாள்.

"ஆ!"

"நாளைக்கு செங்கல்பட்டு பெரியாஸ்பத்திரில கையக் காட்றோம்," என்றாள். "பரீட்சைய அப்புறம் எழுதிக்கலாம்."

அந்தச் சுண்டு விரலை மட்டும் அவள் விடவே இல்லை.