பெட்டகத்தில் இருந்த துப்பாக்கி

சவப்பெட்டியின் கைப்பிடியைப் பிடித்துத் தூக்கிய ஆறு பேரில் மூன்று பேருடைய துப்பாக்கிகள் ஆரின் கெஸ்லர் வீட்டு இரும்புப் பெட்டகத்தில் இருந்தன. பனி விழுந்த புல் வழுக்கியது. பார்த்துப் பார்த்துக் காலெடுத்து வைத்தார்கள். பெட்டிக்குள் ஆரினின் மனைவி வெர்னா. பத்தொன்பது வருடம் பள்ளிக்கூடத்துச் சாப்பாட்டுக்கூடத்தில் பிள்ளைகளுக்குப் பரிமாறியவள். புதன்கிழமை மதியம் அங்கேயே சுட்டுக் கொல்லப்பட்டாள். சுட்டவன் அங்கே படித்த கோலின், பதினைந்து வயது. பிறகு தன்னையும் சுட்டுக்கொண்டான்.

அந்தப் பென்சில்வேனிய மலைப்பக்கத்தில் ஒரு வழக்கம். வீட்டில் யாருக்காவது குடி மிஞ்சினால், மனசு கெட்டுப்போனால், துப்பாக்கிகளை ஆரினிடம் கொண்டுவந்து வைத்துவிடுவார்கள். ஏன் என்று அவர் கேட்கமாட்டார். அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

கோலினின் அப்பா ராய்ஸ் செப்டம்பரில் தன் துப்பாக்கியோடு வந்தான். பையன் நோட்டில் எழுதியிருந்ததைப் படித்து ஆசிரியை பயந்துபோயிருந்தாள். அன்றைக்கே வெர்னா சொன்னாள்: "அவன் தனியா உக்காந்துட்டு, வாங்கின சாப்பாட்ட தொடாம கொண்டுவந்து வெக்கிறான். என்னைக் கேக்காம அதத் திருப்பிக் குடுத்துடாத."

மான் வேட்டை தொடங்குவதற்கு முந்தின நாள் ராய்ஸ் திரும்ப வந்தான். பையனோடு ஒரு நாள் காட்டில் இருந்தால் பழையபடி பேசுவான் என்றான். வேட்டையின் முதல் நாளுக்குப் பள்ளிக்கூடமே விடுமுறை விடுகிற ஊர். ஆரினும் தன் அப்பாவோடு மனம்விட்டுப் பேசியது மானுக்குக் காத்திருந்த மரத்தடியில்தான். வெர்னா தேவாலயத்துக்குப் போயிருந்தாள். ஆரின் பெட்டகத்தைத் திறந்து துப்பாக்கியைக் கொடுத்தார். அவள் வந்த பிறகும் சொல்லவில்லை.

அடக்கம் முடிந்து தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் சாப்பாடு. பன்றித்தொடைக் கறியும் உருளைக்கிழங்கும் அவர் தட்டில் ஆறிக்கொண்டிருந்தன. எல்லாரும் ராய்ஸைத்தான் வாயில் போட்டு மென்றார்கள். துப்பாக்கி எங்கேயிருந்து வந்தது என்று ராய்ஸ் இன்னும் யாரிடமும் சொல்லவில்லை. அவனைச் சும்மா விடக்கூடாது என்று மகள் ஜனெல் அப்பாவின் தோளைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். ஆரினுக்கு வெட்கத்தில் தலை நிமிரவில்லை.

பக்கத்துத் தெரு டார்லா வந்து குனிந்தாள்.

"எங்க வீட்டுல மூணு துப்பாக்கி இருக்கு. கார்ல கொண்டுவந்திருக்கேன். பெரியவன் ரெண்டு வாரமா யார்கூடயும் பேசல. நீங்க வெச்சுக்குவீங்களா?"

ஆரின் முள்கரண்டியைக் கீழே வைத்தார்.

"கோலின் கையில இருந்தது என் பெட்டகத்துலேருந்து போனதும்மா. கேட்டுட்டுக் குடுன்னு வெர்னா சொல்லியிருந்தா. நான் கேக்கல."

அவர் தோளில் இருந்த கை விலகியது. ஜனெல் எழுந்து சமையலறைப் பக்கம் போனாள். டார்லா நின்ற இடத்திலேயே நின்றாள். அவள் கண் கலங்கிவிட்டது.

"அப்போ நான் யார்கிட்டதான் கொண்டுபோறது?"

மகள் உட்கார்ந்திருந்த நாற்காலியை ஆரின் டார்லா பக்கம் நகர்த்தினார்.

"உக்காரும்மா. அவனுக்கு என்ன ஆச்சு, சொல்லு."

டார்லா சொல்லத் தொடங்கினாள். உள்ளே ஜனெல் குழாயைத் திறந்துவிட்டிருந்தாள். கழுவ இன்னும் ஒரு தட்டுகூட வந்திருக்கவில்லை. தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது.