நானே வாங்கிக் கொடுத்த கையெழுத்து

எனக்குக் கோபம் வந்தால் வாய் நிற்காது; எஸ்டேட் முழுக்கத் தெரிந்த சங்கதி. அந்த வாயை நம்பித்தான் லயத்துப் பெண்கள் கையெழுத்துப் போட்டார்கள்.

பள்ளிவாசல் ஊருக்கு மேலே எங்கள் தொழிலாளர் லயத்து வீடுகளை ஒட்டி எஸ்டேட் கம்பெனியின் பழைய பிள்ளைக் காம்பரா ஒன்று உண்டு. கொழுந்தெடுக்கப் போகும் தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுப்போன இடம். சும்மா கிடந்த அதில் இரண்டு வருடம் முன்பு சர்க்கார் மாலைப் படிப்பு மையம் வைத்தது. ஜிஸ்மி டீச்சர் சம்பளம், புத்தகம், சுண்டல், எல்லாம் சர்க்கார் செலவு. எங்கள் பிள்ளைகள் தமிழ் மீடியம். கணக்கும் மலையாளமும் சொல்லிக்கொடுக்க லயத்தில் யார் இருக்கிறார்கள்? என் மகள் ஆனந்தி வருகிற மார்ச்சில் பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுத வேண்டியவள். தோற்றால், நான் பிடிக்கிற கொழுந்துக் கத்திரி அவள் கைக்குப் போகும்.

ஓணம் கழிந்த வாரம் என் அண்ணன் நல்லதம்பி வந்தான். யூனியன் கன்வீனர். கையில் மலையாளத்தில் டைப் அடித்த காகிதம்.

"செல்வி, சென்டர் அடுத்த வருசமும் ஓடணும்னா நாம அபேட்ச கொடுக்கணும், மனு. வீட்டுக்கு ஒரு ஒப்பு வேணும், ஒரு கையெழுத்து. நீ கேட்டாத்தான் பொம்பளைங்க போடுவாங்க."

"என்ன எழுதியிருக்கு? வாசி."

காகிதத்தைப் பார்த்துக்கொண்டே தமிழில் கடகடவென்று சொன்னான். பிள்ளைகள் நன்றாகப் படிக்கிறார்கள், இன்னொரு டீச்சர் வேண்டும், மையத்தை நிறுத்தக் கூடாது. கேட்கக் கேட்க எனக்குக் கண் கலங்கியது.

மலையாளம் எங்களுக்குத் தண்ணீர் பட்ட பாடு, பேச்சில் மட்டும். எழுத்து தெரியாது. ஆஸ்பத்திரியோ பேங்கோ, யாராவது வாசித்துச் சொல்வார்கள், நாங்கள் கையெழுத்துப் போடுவோம். ஆனந்திக்கு வாசிக்கத் தெரியும், உள்ளேதான் இருந்தாள். கூடப்பிறந்த அண்ணன் கொண்டுவந்த காகிதத்தை மகளை விட்டுச் சரிபார்ப்பதா? கூப்பிடத் தோன்றவே இல்லை.

முதல் கையெழுத்தை நானே போட்டுவிட்டு, மூன்று நாள் வீடு வீடாக ஏறி இறங்கினேன். என்னோடு கொழுந்தெடுக்கும் சந்தனம் அக்காவின் மகனும் அந்த மையத்தில்தான் படித்தான். "நீ சொன்னாச் சரிதான் புள்ள, எங்க போடணும்?" என்றாள். என்ன ஏது என்றுகூடக் கேட்கவில்லை.

அடுத்த மாதம் டீச்சர் வரவில்லை. காம்பராக் கதவில் புதுப் பூட்டு. ஆனந்தியை இழுத்துக்கொண்டு மையத்தை நடத்தும் சர்க்கார் ஆபீசுக்குப் போய் ஒரு பிடி பிடித்தேன். அங்கிருந்த சார் அமைதியாக ஃபைலைத் திறந்து அதே காகிதத்தை எங்கள் பக்கம் திருப்பினார்.

"நீங்கதானே எழுதித் தந்தது, சேச்சி? முதல் ஒப்பு உங்களோடதல்லே?"

ஆனந்தி விரல் வைத்து வாசித்தாள். பாதியில் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"அம்மா, படிக்கிற பிள்ளைங்க கொறஞ்சு போச்சாம். இங்க சென்டர் வேண்டாமாம். கட்டடத்தக் கம்பெனிக்கே திருப்பிக் கொடுக்க நமக்கெல்லாம் சம்மதம்னு எழுதியிருக்கும்மா."

நேரே அண்ணன் வீட்டுக்குப் போனேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தான். மறைக்கக்கூட இல்லை.

"டூரிஸ்ட் தங்க அதக் கம்பெனிக்காரங்க எடுத்து நடத்தப் போறாங்க. அருண்பாண்டிக்கு அங்க வேலை சொல்லியிருக்கு. என் மகன் உனக்கு மருமகன்தான? ஆனந்திய டவுன்ல டியூசன் சேத்துவிடுறேன், போ."

"மத்த பிள்ளைங்க?"

"எல்லாருக்கும் நானா பாக்க முடியும்?" சோற்றைப் பிசைந்தான்.

"அடப் பாவி! கூடப்பிறந்தவள வச்சே கழுத்தறுத்துட்டியேடா!" என்று கத்தினேன். அண்ணி கதவைச் சாத்தினாள்.

மறுநாள் காலை, தோட்டத்தில் எல்லாப் பெண்களிடமும் ஒளிக்காமல் சொன்னேன். அழுதேன். எல்லோரும் சேர்ந்து அவன் வாசலில் போய் நிற்போம் என்று நினைத்தேன். சந்தனம் அக்கா கத்திரியைக் கீழே வைத்தாள்.

"வாசிக்கத் தெரிஞ்ச பொண்ண வீட்ல வச்சிருக்கவ நீ. வேலை உன் மருமகனுக்கு. உனக்கு ஒண்ணும் தெரியாதாக்கும்?"

"சத்தியமாத் தெரியாதுக்கா! அண்ணன் சொன்னத நம்பிட்டேன்."

"நாங்க நீ சொன்னத நம்புனோம்."

கத்திரியை எடுத்துக்கொண்டு வேறு தேயிலை நிரைக்குப் போய்விட்டாள். மற்றவர்களும் அவள் பின்னாலேயே போனார்கள்.