என் வயிறும் ஆறு ஆடுகளும்

மேலப்பாளையம் சந்தையிலிருந்து வேனில் வந்து இறங்கிய ஆறு ஆடுகளைப் பார்த்தவுடனே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆடுகள் மேல் கோபமில்லை. அவை பாவம், பயந்துபோய் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நின்றன. அவற்றின் காதில் மாட்டியிருந்த மஞ்சள் வில்லைகள் மேல்தான் கோபம். நான் இத்தனை நாள் தீனி போட்டு வளர்த்த ஆறு ஆடுகளின் எண்கள் அந்த வில்லைகளில் இருந்தன. ஆடுகள்தான் வேறு.

பாளையங்கோட்டைக்கு வெளியே இருக்கும் ஓர் ஆராய்ச்சி மையத்தில் ஆட்டுக் கொட்டகையைப் பார்த்துக்கொள்கிறவள் நான். பெயர் இசக்கிச்செல்வி. அதற்கு முன்னால் மாஞ்சோலையில் தேயிலை பறித்தேன். எஸ்டேட்டை மூடி எல்லாரும் மலையை விட்டு இறங்கியபோது நானும் என் வீட்டுக்காரரும் இறங்கி வந்து முக்கூடலில் வாடகைக்கு வீடு பிடித்தோம். இலை மூட்டை சுமந்த காலத்தில் தொப்புளுக்கு மேலே எனக்கு ஒரு புடைப்பு வந்திருந்தது. எலுமிச்சம்பழம் அளவு இருக்கும். இருமினால் வெளியே தள்ளும், படுத்தால் உள்ளே போகும். குடலிறக்கம் என்றார்கள்.

மையத்தில் பெரிய ஆள் மாரிராஜ் டாக்டர். வயிற்றைக் கிழிக்காமல் மூன்று சின்ன ஓட்டை போட்டு, கேமராவை உள்ளே விட்டு ஆபரேஷன் செய்வதில் கெட்டிக்காரர். குடல் வெளியே தள்ளும் இடத்தில் உள்பக்கமாக ஒரு வலையை வைத்து, தையல் போடாமல் பசையால் ஒட்டுவது அவர் கண்டுபிடித்த முறை. அதை முதலில் ஆடுகளுக்குச் செய்து பார்த்தார். ஒரு வருடம் அந்த ஆடுகளை வளர்க்க வேண்டும், பிறகு மறுபடி கேமராவை விட்டு வலை இருந்த இடத்தில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், அதற்குப் பிறகுதான் மனுஷருக்கு. இது நான் சொல்வதல்ல. வேலைக்குச் சேர்ந்த அன்று அவரே எனக்குச் சொன்னது.

"நீ ஆட்டை நல்லாப் பாத்துக்கோ செல்வி. முதல் ஆபரேஷன் உனக்குத்தான். ஆட்டைப் பாத்தவளுக்கே பண்ணியாச்சுன்னா பத்திரிகைக்காரன் ஓடி வருவான்" என்றார்.

நானும் பல்லை இளித்துக்கொண்டு தலையாட்டினேன். அதோடு நிற்காமல் பக்கத்து வீட்டுப் பாக்கியவதி மதினியையும் கூட்டிக்கொண்டு வந்து காட்டினேன். பீடி சுற்றுகிறவள். அவளுக்கும் இதே புடைப்பு, என்னைவிடப் பெரிது.

ஆறு ஆட்டில் ஒன்றுக்குக் கங்காணி என்று பேர் வைத்திருந்தேன். மற்ற ஆடுகளை முட்டி விரட்டிவிட்டு எல்லாத் தொட்டியிலும் வாய் வைக்கும். மலையில் எங்களை விரட்டி வேலை வாங்கிய ஒரு கங்காணி ஞாபகத்தில் வைத்த பேர். ஆபரேஷன் ஆகி இரண்டு மாதம் நன்றாகத்தான் இருந்தது. அப்புறம் அகத்திக் குழையைக் காட்டினால்கூட முகத்தைத் திருப்பிக்கொண்டது. வயிறு உப்பிக்கொண்டு ஒரே பக்கமாகப் படுத்து முனகியது. கால்நடை டாக்டர் எப்சியிடம் சொன்னேன். சின்னப் பெண், படித்து முடித்து இப்போதுதான் வேலைக்கு வந்திருக்கிறாள். பெரியவரிடம் சொல்கிறேன் என்றாள். நான் அம்மன் கொடைத் திருவிழாவுக்கு லீவு போட்டுவிட்டுப் போனேன். திரும்பி வந்தால் கொட்டகை காலி.

"ராதாபுரம் பக்கம் ஒரு தோட்டத்துல விட்டிருக்கு. வெளிக்காத்துல நல்லா மேயட்டும்" என்றார் மாரிராஜ் டாக்டர். நான் நம்பினேன். நம்பினது மட்டுமா, பஸ்ஸில் வீட்டுக்குப் போகும்போது சந்தோஷமாகவும் இருந்தது. கங்காணிக்குக் காற்று ஒத்துக்கொள்ளும் என்று நினைத்துக்கொண்டேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

சந்தை ஆடுகள் வந்த அன்றே மாரிராஜ் டாக்டர் எப்சியையும் என்னையும் உள்ளே கூப்பிட்டார். வெளியூரிலிருந்து விலங்கு நலக் கமிட்டி அம்மா ஒருவர் ஆடுகளைப் பார்க்க வருகிறாராம். எப்சி கையில் கத்தியைக் கொடுத்தார்.

"ஒவ்வொண்ணுக்கும் மூணு கீறல். மரத்துப்போக ஊசி போட்டுக்கோ. பைய, தோல் மட்டும் போதும். அவங்க வாரதுக்குள்ள ஆறி, முடியும் முளைச்சிரும்."

எனக்கு விளங்கவே கொஞ்ச நேரம் ஆயிற்று. "டாக்டர், நம்ம ஆடுங்க ராதாபுரத்துல தான இருக்கு? அதுகளையே கொண்டாந்து காட்டலாம்லா?"

"அங்கன இருந்து ஏத்திட்டு வந்தா அதுகளுக்கு அலைச்சல். அதுவும் ஆடுதான், இதுவும் ஆடுதான். நீ காலைப் பிடி."

பிடித்தேன். வேலை போய்விடும் என்ற பயத்தில் பிடித்தேன். எப்சி தலையைக் குனிந்துகொண்டே கீறினாள். ஒரு ஆட்டுக்கு ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. மாதக்கணக்கில் மயக்க மருந்தும் கேமராவும் வைத்துப் பாடுபட்ட வேலை வெளியிலிருந்து பார்த்தால் இவ்வளவுதான். தழும்பே தெரியாது என்று அவர் மேடைக்கு மேடை பெருமை பேசினாரே, அந்தப் பெருமைதான் இப்போது அவருக்குக் கைகொடுத்தது.

கீறல்கள் ஆறின. சொன்ன ஒரு வருடம் முடியும் முன்பே எனக்கு ஆபரேஷன் தேதியும் குறித்துவிட்டார்கள். கமிட்டி அம்மா வந்து போன மறுநாள் நான், அதற்கடுத்த நாள் பாக்கியவதி மதினி. தேதி சொன்ன அன்று சாயங்காலம் குழாயடியில் நான் தொட்டி கழுவிக்கொண்டிருந்தபோது எப்சி வந்து நின்றாள். முகம் வீங்கியிருந்தது.

"அக்கா, நீங்க அந்த ஆபரேஷனுக்குப் படுக்காதீங்க."

"ஏன்?"

"கங்காணி செத்துப்போச்சு. நீங்க கொடைக்குப் போன மறுநாளே. நான்தான் வயித்தை அறுத்துப் பாத்தேன். வலை ஒரு பக்கமாப் பெயர்ந்து குடல்ல ஒட்டிக் கெடந்துச்சு. குடல் அழுகியிருந்துச்சு."

"டாக்டர் பாத்தாரா?"

"பாத்தாரு. ஆடு எங்கேயாவது பிளாஸ்டிக் பையைத் தின்னிருக்கும்னு சொல்லிட்டாரு. மறுநாளே மத்த அஞ்சையும் கறிக்கு வித்தாச்சு. அறுத்துப் பாக்க ஒண்ணுகூட இருக்கக் கூடாதுன்னு."

கையிலிருந்த விளக்குமாற்றை வீசி எறிந்தேன். பிளாஸ்டிக் பையாம்! என் கொட்டகையிலா? மூலை முடுக்கெல்லாம் கூட்டிப் பெருக்கி, குழையிலிருக்கும் கயிற்றைக்கூட எடுத்துவிட்டுப் போடுகிறவள் நான். ஆட்டையும் கொன்று, பழியையும் என் தலையில் போட்டுவிட்டு, என்னையே மேஜையில் படுக்கச் சொல்கிறார் இந்த மனுஷன். என்ன நெஞ்சழுத்தம்!

"இத்தனை நாளும் வாயைத் தைச்சிட்டா இருந்தே?" என்று எப்சியைக் கேட்டேன்.

"வேலை இன்னும் நிரந்தரம் ஆகலக்கா. அவர் ஒரு வார்த்தை சொன்னா எனக்கு எங்கேயும் வேலை கிடைக்காது."

"உனக்கு வேலை. எனக்குக் குடல்."

அவள் அழுதாள். எனக்கு இரக்கம் வரவில்லை. அன்றைக்கு யார் மேலும் வரவில்லை.

நேராக மாரிராஜ் டாக்டர் அறைக்குப் போனேன். எப்சி சொன்னதைச் சொல்லவில்லை. ஆபரேஷன் வேண்டாம் என்று மட்டும் சொன்னேன். அவர் கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"பயமா இருக்காக்கும்? வேண்டாம்னா விடு. நீ கூட்டிட்டு வந்தியே, அந்தப் பீடி சுத்துத பொம்பள, அவளை முதல்ல எடுத்துக்கிடுதேன்."

அவருக்கு நான் என்றால் என்ன, அவள் என்றால் என்ன. ஒரு வயிறு வேண்டும், அவ்வளவுதான்.

அன்று ராத்திரியே பாக்கியவதி மதினியிடம் போய் எல்லாவற்றையும் கொட்டினேன். மடியில் தட்டை வைத்துப் பீடி சுற்றிக்கொண்டே கேட்டாள். கை நிற்கவில்லை.

"ஏட்டி, ஆட்டுக்கும் மனுஷிக்கும் ஒண்ணாவா இருக்கும்? அவர் எவ்வளவு பெரிய டாக்டர். ஓசியில பண்ணுதேங்காரு. குனிஞ்சு நிமிர முடியாம நான் படுத பாடு எனக்குத்தான் தெரியும். நீதான கூட்டிட்டுப் போனே? இப்ப நீயே ஏன் கெடுக்கே?"

எழுந்து வந்தேன். அவள் சொன்னதில் ஒன்று உண்மை. கூட்டிக்கொண்டு போனவள் நான்தான்.

கமிட்டி அம்மா வந்தார். பெயர் சித்ரலேகா. பருத்திச் சேலை, நரைத்த தலை, நல்ல முகம். கொட்டகைக்குள் வந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு வைக்கோலில் குந்தி உட்கார்ந்தார். ஆட்டின் கன்னத்தைத் தடவினார், மோவாயைச் சொறிந்துவிட்டார். ஆடும் கண்ணை மூடிக்கொண்டு காட்டியது. எப்சி அந்த ஆட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மாரிராஜ் டாக்டர் வயிற்று முடியை விலக்கித் தழும்புகளைக் காட்டினார்.

"எவ்வளவு சின்னதா இருக்கு! ரொம்ப நல்லாப் பாத்துக்கறீங்க டாக்டர்" என்றார் சித்ரலேகா.

இந்த அம்மா நல்லவர், சொன்னால் கேட்பார் என்று எனக்குத் தோன்றியது. முன்னால் போய் நின்றேன். "அம்மா, ஒரு ஆட்டுக்காவது கேமராவை விட்டு உள்ள பாருங்க. உள்ள பாத்தாத்தான் தெரியும்."

டாக்டர் சிரித்தார். "இவங்கதான் மேடம் முதல் பேஷண்ட். நாளைக்கு ஆபரேஷன்னு வச்சிருந்தோம். பயந்துட்டாங்க."

சித்ரலேகா ஆட்டின் முதுகைத் தடவிக்கொண்டே சொன்னார். "பயப்படாதேம்மா. எல்லாம் எவ்வளவு ஆரோக்கியமா இருக்கு பாரு. நீ பயப்படறேங்கறதுக்காக இதுங்களுக்கு மறுபடி மயக்க மருந்து கொடுத்து, மறுபடி ஓட்டை போடறதா? வாயில்லாத ஜீவன். பட்டதெல்லாம் போதும்."

எனக்கு உச்சந்தலை வரை ஏறிவிட்டது. ஆட்டுக்கு இரக்கப்பட ஊர் தாண்டி ஆள் வருகிறது. வரட்டும், நல்லதுதான். ஆட்டின் பாட்டை நான் பார்க்காததா? ஆனால் வாயுள்ளவள் ஒருத்தி பக்கத்திலேயே நின்று கத்துகிறேன், அது யார் காதிலும் விழவில்லை. அந்த அம்மாவிடம் எப்சி சொன்னதையெல்லாம் சொல்லலாம்தான். சொன்னால் எப்சி இல்லையென்பாள். டாக்டர் சிரிப்பார். கொட்டகை கூட்டுகிறவள் உளறுகிறாள் என்று முடித்துவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்கள். மதினி மேஜையில் படுப்பாள்.

பக்கத்து அறைக்குள் போனேன். ஆட்டுக்கு முடி சிரைக்கும் பிளேடு புதிதாக ஒன்று இருந்தது. சேலையை ஒதுக்கினேன். தோல் மட்டும், பைய. மரத்துப்போக ஊசி இல்லை, பல்லைக் கடித்துக்கொண்டேன். மூன்றும் முடிந்து வெளியே வந்தபோது அவர்கள் இன்னும் அதே ஆட்டுப் பக்கத்தில்தான் இருந்தார்கள்.

"அம்மா, இதையும் பாருங்க."

சேலையை விலக்கிக் காட்டினேன். வெட்கம் வரவில்லை. அதற்கெல்லாம் மனதில் இடமில்லை. மூன்று கீறலிலிருந்தும் ரத்தம் கசிந்து பாவாடை நாடா வரை இறங்கியிருந்தது.

"மூணு ஓட்டை இருக்கு. எண்ணிப் பாருங்க. நானும் நல்லாத்தான் நிக்கேன், நல்லாத்தான் திங்கேன். எனக்கு ஆபரேஷன் ஆயிருக்கா, இல்லையா? வயித்துக்குள்ள வலை இருக்கா, இல்லையா? வெளிய இருந்தே பாத்துச் சொல்லுங்க."

"ஏய், கிறுக்குப் பிடிச்சிருக்கா உனக்கு? வெளிய போ!" என்று மாரிராஜ் டாக்டர் கத்தினார். அவர் கத்தி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

சித்ரலேகாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. "யாரும்மா இதைக் கீறினது?"

"நான்தான். இப்பத்தான்."

அவர் என் வயிற்றைப் பார்த்தார். பிறகு குனிந்து ஆட்டின் வயிற்று முடியைத் தன் கையாலேயே விலக்கிப் பார்த்தார். "அப்போ, இதைக் கீறினது யாரு?"

"மேடம், இந்தப் பொம்பள..." என்று டாக்டர் ஆரம்பித்தார்.

"நான்தான்" என்றாள் எப்சி. ஆட்டின் கழுத்தைக் கட்டிக்கொண்டு நின்றவள், தலையை நிமிர்த்தாமலே சொன்னாள். "ஆறுக்கும் நான்தான் கீறினேன். வெறும் தோல்தான் மேடம். உள்ள வலை கிடையாது. இதுங்க சந்தையில வாங்கின ஆடு."

"ஆபரேஷன் செஞ்ச ஆடுங்க எங்கே?"

எப்சி ஆட்டின் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். நான் சொன்னேன்.

"ஒண்ணு குடல் அழுகிச் செத்துச்சு. மத்ததை வித்து, ஊரு தின்னு முடிச்சாச்சு. அடுத்தாப்புல நாங்கதான், நானும் பாக்கியவதி மதினியும். எங்களுக்கு வாய் இருக்கு, அதான் கேக்கேன்."

சித்ரலேகா ஆட்டின் மேலிருந்த கையை எடுத்துவிட்டு, வந்ததிலிருந்து முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தார்.