சயாம் சுவரொட்டி

மனைவி குணவதியின் கூறைப் புடவையை மேசைமேல் விரித்து, எங்கே வெட்டினால் சரிகை குறுக்கே வராது என்று பார்த்துக்கொண்டிருந்தான் அழகேசன். விளம்பரம் எழுதும் அவன் கடையில் வேறு பட்டு இல்லை. ஜப்பான்காரன் மலாயாவுக்கு வந்தபிறகு குருண் ஊரில் துணியே கிடைக்கவில்லை. ரப்பர் தோட்டத்தில் பலர் சாக்கைக் கட்டிக்கொண்டு திரிந்தார்கள்.

சயாமில் ரயில் பாதை போட ஆள் சேர்க்கும் சுவரொட்டி வேண்டும் என்பது ராணுவ அதிகாரியின் உத்தரவு. தோட்டம் தோட்டமாக ஒட்டுவதற்குக் கையால் எழுதி மாளாது. மரச்சட்டத்தில் பட்டுத் துணியை இறுக்கி, உருவம் வெட்டிய தாளை அடியில் ஒட்டி, ரப்பர் பலகையால் சாயத்தை இழுத்தால் மளமளவென்று அச்சாகும். முதலில் சிவப்புச் சூரியன். அது காய்ந்ததும் கறுப்பில் அரிசி மூட்டையும் சிரிக்கிற தொழிலாளியும். சண்டைக்கு முன்னால் சோப்பு விளம்பரம் மட்டுமே எழுதியவன் அவன். இந்த வேலைக்குக் கை துறுதுறுத்தது; அதற்காக வெட்கமாகவும் இருந்தது.

"சிரிக்கிற ஆளுக்கு யார் மூஞ்சி போடப்போறீங்க?" என்றாள் குணவதி.

"ஒன் தம்பி மூஞ்சிதான். பசுபதி நல்லாச் சிரிப்பான்ல."

பசுபதி போன வருடம் சயாம் லாரியில் ஏறியவன். அவளுக்குக் கண் கலங்கியது.

அப்போதுதான், பேச்சைக் கேட்டபடியே பின்வாசல் வழியாகப் பக்கிரிசாமி உள்ளே வந்தான். பசுபதியோடு அதே லாரியில் போனவன், தப்பி வந்திருந்தான். எலும்பும் தோலுமாக இருந்தான். காலில் புண் அழுகி நாறியது.

"அவன் மூஞ்சிய வரையாதீங்கண்ணே. பேதி கண்டவங்கள ஒரே குடிசையில போட்டு, உசுரோடயே கொளுத்திட்டானுங்க. அவன் கத்துனது எனக்குக் கேட்டுச்சுக்கா."

குணவதி அழவில்லை. தண்ணீர் மொண்டு கொடுத்தாள். குடித்துவிட்டுத் தெருவில் இறங்கியவனைச் சிப்பாய்கள் பார்த்துவிட்டார்கள். ஓடக் கால் ஒத்துழைக்கவில்லை. கடைவாசலிலேயே துப்பாக்கிக் கட்டையால் அடித்தார்கள். விழுந்தபிறகும் அடித்தார்கள். சாக்கடை ஓரத்தில் மண்டை உடைந்த சத்தம் உள்ளே கேட்டது.

அதிகாரி ரத்தம் தெறித்த பூட்சோடு கடைக்குள் வந்தான். கூடவே சிப்பாய்களும் மொழிபெயர்ப்பாளர் ராமையாவும்.

"எப்ப ரெடியாகும்னு கேக்குறாருப்பா."

குணவதி தாள் வெட்டும் கத்தியை எடுத்து, தன் கூறைப் புடவையை இந்த முனையிலிருந்து அந்த முனைவரை கிழித்தாள். ஒரு சிப்பாயின் துப்பாக்கி முனைக் கத்தி அவள் வயிற்றுக்கு நேராகத் திரும்பியது. அழகேசன் குறுக்கே பாய்ந்தான்.

"நான்தான் கிழிக்கச் சொன்னேன்! அவளுக்கு ஒண்ணும் தெரியாது லா!"

ராமையா யார் முகத்தையும் பார்க்காமல் அதை அப்படியே ஜப்பானிய மொழியில் சொன்னார்.

அழகேசனின் வலக்கையை மேசைமேல் அழுத்திப் பிடித்துத் துப்பாக்கிக் கட்டையை இறக்கினார்கள். முதல் அடியில் அலறினான். மூன்றாவது அடி அவனுக்குத் தெரியவில்லை.

அவர்கள் போகும்போது ராமையா மட்டும் வாசலில் தயங்கி, "இனிமே சுவரொட்டி இல்லம்மா. நாளைக்கு லாரி நேரா தோட்டத்துக்கு வருது. ஆம்பளைங்கள இழுத்துப் போட்டுக்கிட்டுப் போவாங்க" என்றார்.

குணவதி கணவனின் கையைக் கட்டி, அவனைத் தாங்கிக்கொண்டே தோட்டத்துக்கு நடந்தாள். தொழிலாளர் குடியிருந்த லயத்தில் ஒவ்வொரு கதவாகத் தட்டினாள். தம்பி செத்த விதத்தை ஒவ்வொரு வாசலிலும் முழுசாகச் சொன்னாள்.

விடிந்ததும் லாரிகள் வந்தன. சிப்பாய்கள் கதவுகளை உதைத்துத் திறந்தார்கள். அடுப்புகளில் மரவள்ளிக்கிழங்கு பொங்கி வழிந்துகொண்டிருந்தது. ஆட்கள் இல்லை. ஆத்திரத்தில் பானைகளைச் சுட்டார்கள், குரைத்த நாயைச் சுட்டார்கள். பிறகு கூரைகளில் தீ வைத்தார்கள்.

மேலே ஜெராய் மலைச்சரிவில், புதருக்குள் தாய்மார்கள் பிள்ளைகளின் வாயைப் பொத்தியிருந்தார்கள். காய்ச்சலில் முனகிய அழகேசனின் வாயைக் குணவதி தன் உள்ளங்கையால் மூடினாள். கீழே புகை எழும்பி, மரங்களுக்கு நடுவே அவர்களை நோக்கி மெல்ல ஏறி வந்தது.