பதினாலாம் இலக்க வீட்டின் நினைவு மலர்

"கொம்பியூட்டரைத் தட்டித் தட்டி என்ர குசினிச் சுவரைத் துலைச்சுப் போட்டியேயடி!"

"எழுதினது நான்தான், கனகேஸ்வரி அன்ரி. அழிச்சது வேற ஆள்."

"ஆரெண்டாலும் சுவரைக் கொண்டுவந்து வை!"

வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கையின் பதினாலாம் இலக்க வீட்டுக்கு ஒரு திங்கட்கிழமை காலை குசினிச் சுவர் இல்லாமல் போயிற்று. இணையக் கலைக்களஞ்சியத்தில் சம்பளமில்லாமல் வரலாறு எழுதும் சாம்பவி, எங்கள் ஒழுங்கைக்கும் ஒரு கட்டுரை எழுதியிருந்தாள். எண்பத்துமூன்றுக் கலவரத்தில் எரிந்த அந்த வீட்டின் குசினிச் சுவரைச் சிவபாதசுந்தரம் திருப்பிக் கட்டினார் என்ற வரியை, சயந்தன் என்ற இன்னொரு தொண்டர் 'ஆதாரம் இல்லை' என்று நீக்கினான். வரி போனால் பொருளும் போகும் என்பது அன்றுதான் எங்களுக்குத் தெரிந்தது. சிவபாதசுந்தரத்தின் விதவை கனகேஸ்வரி, மரக்கறி மட்டும் என்று சொல்லிக்கொண்ட அந்த வார வெள்ளிக்கிழமையில் நெத்தலி பொரித்ததும் சுவரில்லாத பக்கத்தால் தெரிந்தது.

ஆதாரம் என்றால் அச்சில் வேண்டும். நல்ல காலம், சிவபாதசுந்தரம் செத்த முப்பத்தோராம் நாளுக்கு அடித்துக் கொடுத்த நினைவு மலர் எல்லா வீட்டிலும் கிடந்தது. அதில் சுவர் கட்டிய கதையும் இருந்தது. சாம்பவி சனிக்கிழமை அதை ஆதாரமாகக் காட்டினாள். மறுநாள் சுவர் பழைய எண்ணெய்க் கறையோடு வந்து நின்றது.

சயந்தன் சும்மா இருக்கிறவனல்ல. மலரை முழுவதும் வாசித்தான். கட்டுரையில் சாம்பவி 'மகன்மார் இருவர், மகள் ரூபிகா' என்று எழுதியிருந்தாள். மலரின் வம்சாவளியிலோ கனடாவிலுள்ள மகன்மார் மட்டும். கொட்டாஞ்சேனை ரெனால்டைத் தேவாலயத்தில் கட்டியவளின் பெயரைப் போடாதே என்று அச்சகத்தில் நின்று சொன்னது கனகேஸ்வரியேதான். மகளை நீக்கிவிட்டான் சயந்தன்.

அடுத்த செவ்வாய்க்கிழமை ரூபிகாவின் விரல்கள் போயின. புதன்கிழமை முழங்கை வரை. வியாழக்கிழமை ரெனால்ட் எங்கள் ஒழுங்கைக்கு வந்து, சாத்திய கேற்றுக்கு வெளியே நின்று கத்தினான்.

"மாமி, கழுத்துக்கு வந்திட்டுது! பேரை மட்டும் போடுங்கோ, வேற ஒண்டும் கேக்கேல்ல!"

"அவளை நான் எப்பவோ தலைமுழுகினனான்."

"அப்ப நாளைக்கு வந்து முகத்தையாவது பாருங்கோ. அதுக்குப் பிறகு பாக்க ஒண்டும் இராது."

அரை மணித்தியாலம் கேற் திறக்கவில்லை. நாங்கள் ஒருவரும் உள்ளே போகவுமில்லை. பிறகு கனகேஸ்வரி குடையோடு வெளியே வந்து, அவனைப் பாராமலே, "அச்சகக்காரன் எத்தனை மணிக்குப் பூட்டுவான்?" என்றார்.

செத்தவீட்டு மலருக்கு இரண்டாம் பதிப்பு வந்தது எங்கள் அறிவில் அதுவே முதல் தடவை. வெள்ளி காலை அது எல்லா வீட்டுக்கும் போயிற்று. பத்து மணிக்குச் சயந்தன் வரியைத் திருப்பிப் போட்டான். ரூபிகா மத்தியானத்துக்குள் முழுசாக வந்தாள். முழுசாக என்றும் சொல்ல முடியாது. மகளின் பெயரையும் மருமகனின் பெயரையும் போட்ட கனகேஸ்வரி, தேவாலயக் கலியாணத்தை மட்டும் போடமாட்டேன் என்று நின்றுவிட்டார். ஆகவே இடது கை மோதிர விரல் வரவில்லை.

சாம்பவி அடுத்த ஆவணியில் சயந்தனைக் கட்டித் தெஹிவளைக்குப் போனாள். கலியாணத்தை முன்னெச்சரிக்கையாக இரண்டு பத்திரிகையில் போட்டார்கள். பதினாலாம் இலக்கத்தை வாடகைக்குக் கொடுத்துவிட்டுக் கனகேஸ்வரி கொட்டாஞ்சேனையில் மகள் வீட்டுக்கே போய்விட்டார். ரூபிகா மோதிரத்தைச் சங்கிலியில் கோத்துக் கழுத்தில் போட்டிருக்கிறாள். அவளுக்கு வெங்காயம் வெட்ட வசதிப்படாது என்பதால், அதைத் தாய்தான் வெட்டிக்கொடுக்கிறார்.