கேபினுக்குள் சுடுகாற்று

வேப்பனப்பள்ளி ரோட்டில் நாராயணப்பனின் மாந்தோப்புக்குள் பைக்கை நிறுத்தும்போதே மாதேஷுக்குக் கை நமநமவென்று அரித்தது. இத்தனை நாளும் இந்த ஆளை கேட்டுக்கு வெளியே நின்றுதான் பார்த்திருக்கிறான். இன்று அவரே போன் போட்டுக் கூப்பிட்டிருந்தார்.

"நீதானா சூளகிரி ஏசி மெக்கானிக்கு? வாப்பா. ஏசி டிராக்டருன்னு சொல்லி வாங்குனது. உள்ள உக்காந்தா இட்லி குண்டான்ல உக்காந்தாப்ல இருக்குது."

"டிரைவர் இல்லீங்களாண்ணா?"

"வெக்கை தாங்காம ஓடிட்டான். நானே ஓட்டறேன். பூவெல்லாம் தத்துப்பூச்சிப்பா. ரெண்டு நாள்ல மருந்து அடிக்கலைன்னா ஒரு பிஞ்சு தங்காது. கண்ணாடியத் தெறந்தா மருந்து மூஞ்சில அடிக்குது, சாத்துனா வெந்து போறேன்."

மாதேஷின் முகம் அவருக்கு அடையாளம் தெரியவில்லை. மனைவி பெயரைச் சொன்னால் தெரியும் என்று நினைத்துக்கொண்டான். சொல்வதற்கு நேரம் வரும்.

போன வருடத்துக்கு முந்தின வருடம், காதலர் தினப் பூவுக்கு ஆள் எடுத்தபோது, இவருடைய ரோஜாக் குடிலில் அவன் மனைவி சத்யப்ரியா பூ வெட்டிக்கொண்டிருந்தாள். வயிற்றில் பிள்ளை. உச்சி வெயில், தலைக்குமேல் பிளாஸ்டிக் கூரை. மூச்சு முட்டுகிறது, பக்கத்து ஷீட்டைக் கொஞ்சம் சுருட்டிவிடுங்கள் என்று கேட்டாள். "தெறந்தா பூவுல தூசி ஏறும். எக்ஸ்போர்ட் சரக்கும்மா. இந்தப் பாத்திய முடிச்சிட்டுப் போ" என்றார். அந்தப் பாத்தியிலேயே விழுந்தாள். பிள்ளை தங்கவில்லை. அவள் இன்றைக்கும் அடுப்பு வெக்கையில் நிற்க மாட்டாள், சமையல் மாதேஷ்தான்.

இன்ஜினை ஓடவிட்டுப் பார்த்தான். கம்ப்ரசர் டக்கென்று பிடித்தது. கேஜ் மாட்டினான், கேஸ் குறையவில்லை. கண்டன்சரில் மாம்பூவும் புழுதியும் கம்பளிபோல அப்பியிருந்தன. தண்ணீர் விட்டுக் கழுவினான். குளிர்க்குழாய் நன்றாகவே வியர்த்தது. ஆனாலும் கேபினுக்குள் சுடுகாற்றுதான். சீட்டுக்குப் பின்னால் கையை விட்டு ஹீட்டருக்குப் போகும் ரப்பர் ஹோஸைத் தொட்டான். சுரீர் என்றது. அந்த ஹோஸை அடைக்கும் வால்வின் கேபிள் கழன்றுவிட்டிருந்தது. வால்வு திறந்தபடி நின்று, இன்ஜினின் கொதிநீர் ஹீட்டருக்குள் ஓடிக்கொண்டிருந்தது. ஏசி குளிரவைக்கக் குளிரவைக்க ஹீட்டர் அதைத் தின்றது. விரலால் ஒரு திருகு திருகி வால்வை மூடினால் போதும்.

அவன் திருகவில்லை.

"ஏறி உக்காருங்கண்ணா. கதவு, கண்ணாடி எல்லாம் சாத்திக்கிட்டு ஆக்ஸிலேட்டரை ஏத்திப் புடிங்க. நான் வெளிய கேஜ் பாக்கறேன். நடுவுல தெறந்தா ரீடிங் போயிடும்."

நாராயணப்பன் ஏறி உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் சட்டை முதுகோடு ஒட்டியது. கண்ணாடியைத் தட்டினார். மாதேஷ் கேஜிலிருந்து கண்ணை எடுக்காமல், இன்னும் கொஞ்சம் என்று கை காட்டினான். அவர் முகம் செக்கச்செவேலென்று ஆயிற்று. மறுபடி தட்டினார். சத்யப்ரியா எத்தனை தரம் கேட்டாள் என்று அவளிடம் அவன் கேட்டதேயில்லை. இப்போது கேட்க வேண்டும் போலிருந்தது.

கதவு படாரென்று திறந்தது. படியில் கால் வழுக்கி, மனிதர் மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"த்தூ! என்னா டெஸ்ட்டுடா இது... தண்ணி குடுடா..."

பைக்கில் பாட்டில் இருந்தது. மாதேஷ் எடுக்கவில்லை.

"தெறந்துட்டீங்களேண்ணா. சத்யப்ரியாவுக்குக் கடைசி வரைக்கும் தெறக்கலையே."

"எந்த சத்யப்ரியா? பேங்குல இருக்குதே, அந்தப் பொண்ணா?"

எத்தனையோ விதமாக இந்தப் பேச்சை மனசுக்குள் பேசிப் பார்த்திருக்கிறான். எல்லாவற்றிலும் அந்தப் பெயரைக் கேட்டதும் இவர் முகம் வெளுத்துப்போகும்.

"உங்க ரோஜாக் குடில்ல விழுந்தவ. எம் பொண்டாட்டி. நான் மாதேஷு."

நாராயணப்பன் நெற்றியைச் சுருக்கினார். "ஓ... ஆட்டோ வெச்சு அனுப்புனேனேப்பா. அங்க எத்தனையோ பேரு விழுவாங்க, எழுவாங்க. யாரன்னு ஞாபகம் வெச்சிக்கிறது?"

இந்த வேர்வையைப் பார்த்ததோடு மனசு ஆறிவிடும், போகும்போது வால்வைத் திருகிவிட்டுப் போகலாம் என்றுதான் இருந்தான். இனித் திருகப்போவதில்லை. சாமான்களைப் பையில் போட்டான். கை துடைக்கும் வேஸ்ட் துணியை ஸ்டியரிங்கில் சுற்றி இறுக்கி முடிச்சுப் போட்டான். சூளகிரியிலிருந்து பர்கூர் வரை ஒர்க்‌ஷாப்காரர்களுக்குள் ஒரு கட்டுப்பாடு உண்டு. ஒருவன் துணி கட்டிவிட்டுப் போன வண்டியில், அவன் வாயால் சரியென்று சொல்லாமல் இன்னொருவன் ஸ்பேனர் வைக்க மாட்டான்.

நாராயணப்பனுக்கும் அது தெரியும். "டேய், அவுறா அத! கம்பெனிக்காரன் வர அடுத்த வாரம் ஆவும்டா!"

"வரட்டுங்கண்ணா. அப்ப பூச்சியும் இருக்காது, பூவும் இருக்காது."

அவர் பர்கூர் சாந்த் பாஷாவுக்கு ஸ்பீக்கரில் போன் போட்டார். அவரும் ஏசி மெக்கானிக்தான். விஷயத்தைக் கேட்டுவிட்டு பாஷா, "துணி கட்டிக்கீறானா சார்?" என்றார்.

"நான் அவுத்துடறேன் பாய். நீங்க வாங்க."

"நீங்க அவுத்தா ஆச்சுங்களா? அவன் அவுக்கணும். மாதேஷுகிட்டயே பேசுங்க சார்."

பாஷா போனை வைத்துவிட்டார். நாராயணப்பன் மண்ணிலிருந்து எழப் பார்த்தார், முடியவில்லை. "தம்பி... மாதேஷு... உம் பொண்டாட்டி கால்ல வேணா வந்து விழறேன்பா."

"இப்ப அவ பேரு சொல்லுங்க பாப்போம்."

அவர் வாயைத் திறந்தார். கொஞ்ச நேரத்துக்கு முன்னால் காதில் விழுந்த பெயர்தான். வரவில்லை.

மாதேஷ் பைக்கை உதைத்துக் கிளப்பினான்.