மூன்றாம் நாள் பட்டினி

ஆஸ்பத்திரியில் மனைவி ஐலாவின் கட்டிலுக்கு மேலே ஒட்டியிருந்த மஞ்சள் அட்டையை ரெய்னோ மறுபடி படித்தார். சாப்பிட, குடிக்க எதுவும் கொடுக்கக் கூடாது. மூன்று நாளாக அதே அட்டைதான். பகலெல்லாம் பட்டினி. சாயங்காலம், ஆபரேஷனுக்கு இன்றைக்கு முறை வரவில்லை என்று சொல்லி ஒரு கிண்ணம் சூப் கொடுப்பார்கள். நடுராத்திரியிலிருந்து மறுபடி பட்டினி.

தபால்பெட்டிக்குப் போகும்போது உறைபனியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு ஒடிந்து வந்தவள். முதல் நாள் பட்டியலில் நாலாவதாக இருந்தாள். நெடுஞ்சாலையில் லாரி கவிழ்ந்து மூன்று பேரைக் கொண்டுவந்தார்கள். மறுநாள் குடல்வால் வெடித்து ஒருத்தி வந்தாள். உயிருக்குப் போராடுகிறவர்களுக்குத்தான் முதல் இடம். அதில் நியாயம் இருந்தது. ஆனால் அடுத்த தெரு வைனோவும் போன மார்கழியில் இப்படித்தான் இடுப்பு ஒடிந்து காத்துக்கிடந்தான். நெஞ்சில் சளி இறங்கி, பத்தாம் நாள் போய்விட்டான். ஐலா நேற்றிலிருந்து இருமுகிறாள். ஒவ்வொரு இருமலையும் ரெய்னோ எண்ணிக்கொண்டிருந்தார்.

இரண்டு மணிக்கு நர்ஸ் டாஃப்னி எட்டிப் பார்த்தாள்.

"இன்னிக்கும் ஆபரேஷன் நடக்காதுன்னுதான் தோணுது ஐயா. ஆனா இன்னும் உறுதியாச் சொல்லல."

முதல் பாதிதான் அவர் காதில் விழுந்தது. ஐலாவின் உதடு வெடித்து ரத்தம் கட்டியிருந்தது.

"உன் கோட்டுப் பைக்குள்ள என்ன வாசனை?" என்றாள்.

"ஏலக்காய் ரொட்டி. சாயங்கால சூப்புக்குத் தொட்டுக்கலாம்னு நானே சுட்டேன். உன் கைப்பக்குவம் வரல."

"கொண்டா. எவ்வளவு கேவலமா வந்திருக்குன்னு பாக்கறேன்."

டாஃப்னி எப்படியும் இல்லை என்றுதான் சொல்லிவிட்டாளே. அவர் திரையை இழுத்துவிட்டார். ஒரு துண்டு தின்றாள், அடுத்ததில் பாதி கடித்தாள். அவர் கோப்பையில் ஆறிப்போயிருந்த காப்பியில் இரண்டு மடக்கு குடித்தாள். மூன்று நாளில் முதல்முறையாகச் சிரித்தாள்.

"பனில விழுந்ததுக்கு ஒரு இடுப்புதான் போச்சு. இதுமேல விழுந்திருந்தா ரெண்டும் போயிருக்கும்."

இருபது நிமிடத்தில் டாஃப்னி ஓடிவந்தாள். முகமெல்லாம் மலர்ச்சி. "ஐலா அம்மா, உங்களக் கூப்பிட்டுட்டாங்க. உங்களுக்கு முன்னால இருந்தவருக்குக் காய்ச்சலாம்."

ரெய்னோ ரொட்டி இருந்த காகிதப் பையைக் கோட்டுக்குள் திணித்தார். மயக்க மருந்து கொடுக்கும் டாக்டரம்மா நேற்று தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டிச் சொல்லியிருந்தாள்: வயித்துல ரொட்டி இருந்தா மயக்கத்துல மேல வந்து நுரையீரலுக்குள்ள போயிடும், அப்புறம் எங்க கையில எதுவும் இல்ல.

டாஃப்னி கட்டில் சக்கரத்தின் பூட்டை எடுக்கக் குனிந்தபோது ஐலா ரெய்னோவின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தாள்.

"வாயத் திறக்காத."

"ஐலா, அந்த டாக்டரம்மா சொன்னது..."

"இன்னொரு நாள் இந்த வலியோட என்னால கிடக்க முடியாது. நாப்பத்தெட்டு வருஷம் என் பேச்சக் கேட்ட. இன்னிக்கும் கேளு."

கட்டில் நடைக்கூடத்தில் உருண்டது. அவள் பிடியை விடவில்லை. அவரும் கூடவே நடந்தார். சொன்னால் நாளைக்கு. நாளைக்கு இன்னொரு லாரி கவிழலாம். வைனோவின் மனைவி கையில் அவன் செருப்பைக் கொடுத்து அனுப்பினார்கள். சொல்லாவிட்டால்? அதற்கு மேல் அவரால் நினைக்க முடியவில்லை.

ஆபரேஷன் தியேட்டர் வாசலில் அந்த டாக்டரம்மா நின்றிருந்தாள். முகமூடிக்கு மேலே கண்கள் மட்டும் தெரிந்தன.

"கடைசியா எப்பம்மா சாப்பிட்டீங்க?"

"நேத்து சாயங்காலம் சூப்பு."

"அதுக்கப்புறம்?"

"ஒண்ணுமில்ல." தேவாலயத்தில் பதில் சொல்வதுபோலத் தெளிவாகச் சொன்னாள். சொல்லி முடித்ததும் இருமினாள். ஏலக்காய் மணத்தது. முகமூடிக்குள் அது எட்டவில்லை போலும். டாக்டரம்மா காகிதத்தில் ஒரு கோடு போட்டாள். கதவுகள் திறந்தன. உள்ளிருந்து குளிர் வந்தது.

ரெய்னோ கோட்டுக்குள் கையை விட்டார். காகிதப் பையை வெளியே எடுத்து நீட்டினார். டாக்டரம்மா பிரித்தாள். மேலே, பல் பட்ட பாதித் துண்டு.

கட்டில் நின்றது. ஐலா கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் மணிக்கட்டிலிருந்து அவள் விரல்கள் ஒவ்வொன்றாகக் கழன்றன. திறந்த கதவுகள் சற்று நேரம் அப்படியே இருந்துவிட்டுத் தாமாக மூடிக்கொண்டன.